வாட் கணக்கு சரி, அச்சைப் பிடிப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார், மாட்டி மின்சார சைக்கிளாக மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேட்டரி எத்தனை வோல்ட், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பதையெல்லாம் புரியும்படி எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 1500 வாட் மோட்டாரைப் பின் சக்கரத்தில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நட்டை நன்றாக இறுக்கினால் வேலை முடிந்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறார்கள். அந்த வரியை அப்படியே நம்பி ஒருவர் வண்டியை ரோட்டில் எடுத்தால் என்ன ஆகும் என்று லேத் வேலையும் ஃபிட்டிங் வேலையும் செய்கிற எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாதாரண சைக்கிளில் அச்சுக்கு இருக்கும் ஒரே வேலை பாரத்தைத் தாங்குவது. சக்கரம் அதைச் சுற்றி பேரிங்கில் ஓடும், அச்சு சும்மா உட்கார்ந்திருக்கும். ஹப் மோட்டாரில் கதை வேறு. சுருள் சுற்றிய, சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் அச்சோடு சேர்த்து அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது, காந்தம் ஒட்டிய வெளிக்கூடு சக்கரத்தோடு சுற்றுகிறது. மோட்டார் கூட்டை எவ்வளவு பலத்தோடு முன்னால் திருப்புகிறதோ, அதே பலத்தோடு அச்சைப் பின்னால் திருப்பப் பார்க்கும். இதிலிருந்து எந்த மோட்டாரும் தப்ப முடியாது. அச்சு திரும்பாமல் இருப்பதற்கு அதன் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள், அந்தத் தட்டை ஃபிரேமின் முனையில் இருக்கும் பிளவுக்குள், அதாவது டிராப்அவுட்டுக்குள், உட்காருகிறது. கட்டுரை சொன்ன முறையில் வண்டியை ஓட்டினால் அச்சைப் பிடித்திருப்பது அந்தப் பிளவின் இரண்டு ஓரங்களும், நட்டின் உராய்வும் மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும்போது மோட்டார் 1500 வாட் கொடுக்கிறது என்றால் திருப்பு விசை சுமார் 70 நியூட்டன் மீட்டர். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது இன்னும் கூடலாம், ஏனென்றால் வேகம் குறைவாக இருக்கையில் கன்ட்ரோலர் மோட்டாரின் சுருளுக்குள் அனுப்பும் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து எடுப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகும். சரி, 70 என்றே வைத்துக்கொள்வோம். பரவலாக வரும் அச்சு 12 மில்லிமீட்டர் விட்டம், தட்டைக்குத் தட்டை 10 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு தட்டையின் அகலம் வெறும் 6.6 மில்லிமீட்டர்தான். அந்த 70 நியூட்டன் மீட்டரை இந்த 6.6 மில்லிமீட்டர் அகலத்துக்குள் தாங்க வேண்டும் என்றால் ஓரத்தில் விழும் விசை 10,000 நியூட்டனைத் தாண்டுகிறது, எடைக் கணக்கில் ஒரு டன்னுக்கு மேல். இரண்டு பக்க டிராப்அவுட்டும் சமமாகப் பங்கு போட்டாலும் ஆளுக்கு அரை டன், அதுவும் ஒரு கோடு போன்ற ஓரத்தில். சைக்கிள் ஃபிரேம் செய்தவர் இப்படி ஒரு பாரம் அங்கே வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 14 மில்லிமீட்டர் அச்சு என்றால் அதே 10 மில்லிமீட்டர் தட்டைக்கு அகலம் 9.8 ஆகிறது, விசை குறைகிறது, ஆனால் 14 மில்லிமீட்டர் அச்சோடு வரும் மோட்டாரின் பலமும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அச்சு ஒருமுறை திரும்பிவிட்டால் நடப்பது இதுதான். தொளதொளவென்று இருக்கும் ஸ்பானர் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும் இல்லையா, அதே போல அச்சின் தட்டை பிளவின் ஓரங்களைத் தின்று வாயை விரித்துவிடும், பிறகு அச்சு முழுச் சுற்றே சுற்ற ஆரம்பிக்கும். மோட்டாரின் ஒயர்கள் அச்சுக்குள் இருக்கும் துளை வழியாகத்தான் வெளியே வருகின்றன, அவை முறுக்கி அறுந்துபோகும். சுருளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று பேஸ் ஒயர்களின் உறை கிழிந்து ஒன்றோடொன்று தொட்டால் மோட்டாரே ஒரு பிரேக்காக மாறிச் சக்கரத்தைப் பலமாகப் பிடித்து இழுக்கும், கன்ட்ரோலரும் கருகலாம். டிராப்அவுட் கீழ்நோக்கித் திறந்திருந்தால் சக்கரமே கழன்று வரலாம். முன் சக்கரத்தில் மோட்டார் இருந்து இது நடந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார், தப்பிக்க நேரமே கிடைக்காது.

அதனால் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வாட் மோட்டாரை முன் ஃபோர்க்கில் போடவே கூடாது. அதிலும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்ப் பகுதி பெரும்பாலும் வார்ப்பில் செய்த அலுமினியமோ மெக்னீசியமோதான், அது வளைந்து காட்டி எச்சரிக்காமல் ஒரே அடியில் விண்டுபோகும். இரும்பு ஃபோர்க் என்றால் முதலில் விரியும், கவனமாகப் பார்ப்பவர் கண்ணில் படும். கார்பன் ஃபைபர் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. டிரம் பிரேக் வைத்த மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள், பிரேக் பேனலிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு ஒரு கம்பி போயிருக்கும். பிரேக் பிடிக்கும்போது பேனல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடிப்பது அந்தக் கம்பிதான். பெடலைப் பின்னால் மிதித்துப் பிரேக் பிடிக்கும் பழைய சைக்கிளிலும் ஹப்பிலிருந்து ஒரு சிறிய தகடு நீண்டு செயின் ஸ்டேயில், அதாவது பெடல் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு வரும் ஃபிரேம் குழாயில், பட்டி போட்டு இறுக்கியிருக்கும். மெக்கானிக் யாரும் அதை விட்டுவிட்டு வண்டியைக் கொடுக்க மாட்டார். ஹப் மோட்டாருக்கும் அதே வேலையைச் செய்வதுதான் டார்க் ஆர்ம். 1895-லேயே ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் பின் சக்கரத்தின் ஹப்பில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆக இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. அப்படியிருந்தும் கிட் பெட்டிகளில் வாட் எண்ணைப் பெரிதாக அச்சடித்து, உள்ளே ஒரு மூக்கு வைத்த வாஷரை மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். அந்த வாஷர் 250 வாட்டுக்குச் சரி, அதற்கு மேல் போகப் போக அது வெறும் மன ஆறுதல்.

டார்க் ஆர்ம் என்பது ஒரு தகடு. ஒரு முனையில் அச்சின் தட்டைக்குப் பொருந்தும் துளை, மறுமுனை அச்சிலிருந்து தள்ளி ஃபிரேமில் இறுக்கப்படுகிறது. அதே 70 நியூட்டன் மீட்டரை அச்சிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அங்கே விழும் விசை 700 நியூட்டன், சுமார் 70 கிலோ. 150 மில்லிமீட்டர் தள்ளினால் 50 கிலோவுக்கும் குறைவு. ஒரு டன் 70 கிலோவாக இறங்குகிறது பாருங்கள், அதுதான் இதன் முழுப் பயன். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அச்சின் தட்டையில் விழும் விசை குறைவதே இல்லை. ஃபிரேமின் ஓரத்தில் விழுந்த அந்த ஒரு டன் இப்போது டார்க் ஆர்மின் துளையில் விழுகிறது, அவ்வளவுதான். அதனால் தகடு தடிமனாக இருக்க வேண்டும், துளை கச்சிதமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டு டார்க் ஆர்ம் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து.

என் அளவுகோல் இது: 1000 வாட் வரை குறைந்தது 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் 8 அல்லது 10. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எம்.எஸ். என்கிற சாதாரண மைல்டு ஸ்டீல் தகடே போதும், கிடைத்தால் ஈ.என்.8 போன்ற நடுத்தரக் கார்பன் இரும்பு இன்னும் நல்லது. எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்றால் பலம் என்று நினைத்து அதில் 304 ரகத் தகட்டைத் தேடிப் போகிறார்கள். துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் வளையத் தொடங்கும் விசையில் அது எம்.எஸ்.ஸைவிட மேல் இல்லை, துளையிடுவதும் அரம் போடுவதும்தான் கஷ்டம். பழைய 10 நம்பர் ஸ்பானரின் திறந்த வாயை அப்படியே அச்சில் மாட்டி, மறுமுனையை ஃபிரேமில் கட்டுபவர்களும் உண்டு. ஸ்பானர் நல்ல கடினமான இரும்பு, யோசனை தவறில்லை. ஆனால் அதை வெல்டிங் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் கடினமாகி நொறுங்கும் தன்மை வந்துவிடும், போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதன் வாய் திறந்திருப்பதால் பெரிய பலத்தில் விரியவும் செய்யும்.

இனி துளை. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான், பலர் அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான். முதலில் உங்கள் அச்சை வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். கேட்டலாக்கில் 10 என்று இருந்தாலும் கையில் இருப்பது 9.8 ஆக இருக்கலாம், 10.1 ஆகவும் இருக்கலாம். துளை 0.2 மில்லிமீட்டர் கூடிப்போனால் என்ன என்று கேட்கலாம். 12 மில்லிமீட்டர் அச்சில் அந்த 0.2 போதும், 100 மில்லிமீட்டர் தள்ளியுள்ள முனை 3 மில்லிமீட்டர் ஆடும். ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் அச்சு அந்த இடைவெளியைத் தாண்டி வந்து சுத்தியல் போல அடிக்கும், அடிக்க அடிக்கத் துளை பெரிதாகும். அதனால் முதலில் அளவுக்குக் கொஞ்சம் குறைவான டிரில் பிட்டில் துளையிட்டு, மீதியை அரம் போட்டு எடுப்பதுதான் சரி. அரம் தகட்டுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் தளர்வாகவும் வந்து, 8 மில்லிமீட்டர் தகட்டில் 2 மில்லிமீட்டர்தான் அச்சைத் தொடும். அச்சின் தட்டையில் மார்க்கரால் கறுப்புப் பூசி, தகட்டை மாட்டி ஆட்டிக் கழற்றிப் பாருங்கள். மை எங்கே உரசிப் போயிருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது, அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஓர் இழுப்பு. கடைசியில் தகட்டைக் கையால் தள்ளினால் ஏறக்கூடாது, மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால் ஏற வேண்டும். துளையின் உள்மூலைகளில் அரத்தின் கூர்முனை கீறல் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

லேசர் கட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம், தாராளமாக. தடித்த தகட்டில் லேசர் வெட்டு மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாகக் கொஞ்சம் சரிந்து வரும், அதனால் துளையைச் சிறிதாக வெட்டச் சொல்லி வாங்கி, கையால் அரம் போட்டுப் பொருத்துங்கள். பிளாஸ்மா கட்டிங் இந்தத் துல்லியத்துக்கு ஆகாது.

துளையைப் பொறுத்தவரை, நாலு பக்கமும் மூடியிருப்பதுதான் பலம். மோட்டாரின் கனெக்டர் பெரிதாக இருந்து மூடிய துளை வழியாக நுழையாமல் போகலாம், அப்போது கனெக்டரின் பின்களைக் கழற்றி நுழைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள். இதைவிட மேலான முறை, துளையிலிருந்து தகட்டின் ஓரம் வரை ஒரு பிளவு அறுத்து, அந்தப் பிளவுக்குக் குறுக்கே ஒரு எம்.6 அல்லது எம்.8 போல்ட் போட்டு இறுக்குவது. தகடு அச்சின் தட்டையைக் கவ்விக்கொள்ளும், இடைவெளியே இருக்காது.

இந்தக் கவ்வும் முறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ரீஜென் பிரேக். கியர் இல்லாத நேரடி ஹப் மோட்டாரில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். அப்போது அச்சில் விழும் திருப்பு விசை எதிர்த் திசைக்கு மாறுகிறது. கிளம்பும்போது பின்னால், பிரேக்கில் முன்னால், மறுபடி பின்னால். இப்படி மாறி மாறித் தள்ளுவதுதான் நட்டைத் தளர்த்துகிறது. ஒரே திசையில் மட்டும் தாங்கும்படி செய்த டார்க் ஆர்ம் இங்கே பாதி வேலைதான் செய்யும். உள்ளே கியர் வைத்த மோட்டார்களில் பெரும்பாலும் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் ரீஜென் கிடையாது, இந்தத் தொல்லையும் இல்லை.

மறுமுனையை எங்கே பிடிப்பது? டிஸ்க் பிரேக் காலிப்பர் மாட்டும் துளைகள் இருந்து, அவை காலியாக இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. பிரேக்கின் பலத்தைத் தாங்குவதற்கென்றே அந்த இடத்தைச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் செயின் ஸ்டேயைச் சுற்றி இரண்டு துண்டு இரும்புக் கிளாம்ப் செய்து நான்கு போல்ட்டில் இறுக்குங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஸ்க்ரூ கிளிப் சின்ன மோட்டாருக்குத் தாங்கும், பெரியதில் வழுக்கி நகரும், அல்லது மெல்லிய குழாயை நசுக்கும். பெயிண்ட் கெடக்கூடாது என்று தடித்த ரப்பர் வைக்கிறார்கள், அது வேண்டாம், ரப்பர் அமுங்கும், அமுங்கினால் ஆட்டம் வரும். ஒரு சுற்று டேப் போதும். குழாயில் துளை போடாதீர்கள். இரும்பு ஃபிரேம் என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு காது வெல்டிங் வைத்துக்கொள்ளலாம், வெல்டிங்குக்கு முன் மோட்டாரையும் பேட்டரியையும் கன்ட்ரோலரையும் கழற்றி வைத்துவிட வேண்டும். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி உலோகம் மென்மையாகிவிடும், பழைய பலம் வர வேண்டுமென்றால் மறுபடி வெப்பப் பதம் கொடுக்க வேண்டும், அது சாதாரணப் பட்டறையில் ஆகிற காரியம் இல்லை.

டார்க் ஆர்மின் கையை, அதாவது அந்தத் தகட்டை, எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்பதும் முக்கியம். கையின் முனை ஃபிரேமை எந்தத் திசையில் தள்ளுகிறதோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் அச்சு டிராப்அவுட்டைத் தள்ளும். பின் சக்கரத்தில் கை முன்னோக்கி செயின் ஸ்டே வழியாகப் போனால், கிளம்பும்போது முனை மேலே தள்ளும், அச்சு கீழே போகப் பார்க்கும். கீழே திறந்திருக்கும் டிராப்அவுட்டில் அச்சைக் கழற்றும் திசையும் அதுவே. ஓட்டுபவரின் எடையும் நட்டின் இறுக்கமும் பிடிக்கும்தான், இருந்தாலும் கையை நீளமாக வைத்தால் அந்தத் தள்ளலும் குறையும். கையை மேலே சீட் ஸ்டே, அதாவது அச்சிலிருந்து சீட்டை நோக்கிப் போகும் குழாய், வழியாக நீட்டினால் அச்சு முன்னால் தள்ளும், பிளவின் சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். பின்பக்கமாகத் திறந்திருக்கும் டிராப்அவுட்டுக்கும் இதுவே பொருத்தம், அச்சு இன்னும் உள்ளே போய் உட்காரும்.

மாட்டும்போது டிராப்அவுட்டின் வெளிப்பக்கம் சமதளமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில ஃபிரேம்களில் அங்கே ஒரு பள்ளமும் விளிம்பும் இருக்கும், தடித்த வாஷரோ டார்க் ஆர்மோ அந்த விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்தால் நட்டை இறுக்கும்போது சாய்ந்து டிராப்அவுட்டை உடைத்துவிடும். பள்ளத்துக்குள் அடங்கும் வாஷர் போட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் தகட்டை வைக்க வேண்டும். அச்சு நட்டைக் கையால் இறுக்கி, கவ்வும் போல்ட்டை முழுதாக இறுக்கி, பிறகு நட்டை, கடைசியில் மறுமுனை. நட்டுக்கு மோட்டாரோடு வந்த தாளில் எழுதியிருக்கும் அளவே போதும். நீளமான குழாயை ஸ்பானரில் செருகி ஏறி மிதித்தால், உள்ளே துளை போட்ட அந்த அச்சின் மரை போய்விடும், மரை போனால் மோட்டாரே போன மாதிரிதான்.

அப்புறம் அச்சின் முனை, தகடு, ஃபிரேம் மூன்றின் மேலும் சேர்த்து பெயிண்டில் ஒரு நேர்க்கோடு போட்டுவிடுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும்போது அந்தக் கோடு உடைந்தால் அச்சு நகர்கிறது என்று அர்த்தம், வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், வாஷர்கள் அமர்ந்து கொஞ்சம் தளர்வு வருவது இயல்பு. கன்ட்ரோலரில் பேஸ் மின்னோட்டத்தைக் குறைக்கவும், கிளம்பும் வேகத்தை மென்மையாக்கவும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ரீஜென்னையும் அப்படியே குறைத்து வைக்கலாம்.

கிட் விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. 500 வாட்டுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு டார்க் ஆர்மும் மாட்டும் முறைக்கு ஒரு படமும் வையுங்கள். பேட்டரியோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. தொழிற்பயிற்சி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஃபிட்டர் மாணவர்களுக்கு அரம் போட்டுப் பொருத்தும் பயிற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரும்புத் துண்டுகளோடு, 10 மில்லிமீட்டர் தட்டைக்குப் பொருந்தும் டார்க் ஆர்ம் ஒன்றையும் செய்யக் கொடுங்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எதற்கு என்று அவர்களுக்குக் கையிலேயே புரியும், செய்த பொருளும் யாருடைய வண்டியிலாவது பயன்படும்.

உங்களிடம் கேட்பது, இதே தொடரின் அடுத்த கட்டுரையில் மோட்டார் படம் போடும்போது சக்கரத்தைத் தூரத்திலிருந்து அழகாக எடுத்த படத்தோடு, நட் இருக்கும் பக்கத்தை அருகில் எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள். டார்க் ஆர்ம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். முந்தைய கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே வண்டியை மாற்றியவர்கள், அடுத்த முறை சார்ஜ் போடுவதற்கு முன் அச்சைப் பார்க்கும்படி ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை வேலை செய்யும் ஒரு வாசகர்